எட்டரை முடிச்சு

நூலக்கா ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைச் சொன்னாலும் இடையில் எத்தனை கிலோமீட்டர், போய்ச் சேர எத்தனை மணி நேரம் என்று, கேட்டவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் சொல்லிவிடுவாள். பத்தொன்பது வருடமாக அதே டிக்கெட் கடை, அதே ஜன்னலோர மேசை. முதலில் தொலைபேசி எடுக்கத்தான் அவளை வேலைக்கு வைத்தார்கள். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் அவளாகத் தேடிக்கொண்டது.

மேசைமேல் ஓர் உலக உருண்டை இருந்தது. ஏதோ ஒரு விமானக் கம்பெனி விளம்பரத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது. வந்த புதிதில் சுவரில் மாட்டியிருந்த படத்தில் அடிக்கோலை வைத்துத் தூரம் அளந்து பார்த்தாள். கம்பெனிக்காரர்கள் சொல்லும் கணக்கோடு அது ஒத்தே வரவில்லை. ஒரு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டபின், ஒருநாள் உருண்டைமேல் சிவப்பு நூல் ஒன்றை இழுத்துப் பிடித்தாள். நூல் தானாகவே வடக்கே ஏறி, பனிப் பிரதேசத்தை உரசிக்கொண்டு இறங்கியது. விமானம் ஏன் வளைந்து போகிறது என்பது அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. உருண்டையின் இடுப்பைச் சுற்றி நூலை வைத்து வெட்டினாள். அது நாற்பதாயிரம் கிலோமீட்டர். மூன்று தடவை மடித்தால் எட்டுப் பங்கு, ஒவ்வொரு பங்கிலும் ஐந்து. நாற்பது இடத்தில் முடிச்சுப் போட்டாள். ஒரு முடிச்சு ஆயிரம் கிலோமீட்டர், ஒரு மணி ஏழு நிமிடம். ஏறி இறங்க மொத்தமாக அரை மணி சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய கணக்கு.

கணக்கு சரிதானா என்று பார்க்காமல் விடுகிறவள் அல்ல அவள். போய்த் திரும்பியவர்கள் கடைப்பக்கம் வந்தால் விடமாட்டாள். "கிளம்பினது எத்தனை மணிக்கு? சக்கரம் தரையைத் தொட்டது எத்தனை மணிக்கு?" என்று துருவித் துருவிக் கேட்டு, பச்சை அட்டை போட்ட நோட்டில் எழுதி வைப்பாள். நோட்டில் இருந்த நேரங்கள் அவளுடைய நூலோடு பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடத்துக்குள் ஒத்துப் போயின. அவளுக்குப் பெருமை பிடிபடாது. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான் நூலக்கா. அறுபது வயதுக்காரர்களும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

எதிர்ச்சாரியில் பூட்டுக்கடை. அந்தப் பூட்டுக்காரர் அவளைவிட எட்டு வயது இளையவர். வாய் திறந்தால் ஒவ்வொரு வாக்கியமும் 'அக்கா'வில்தான் போய் முடியும். ஒரு திங்கட்கிழமை காலை, கைகளில் எண்ணெய்க் கறையோடு அவர் ஓடி வந்தார்.

"ஒரு டிக்கெட் வேணும்க்கா. அவசரம்க்கா."

பக்கத்து மேசை விசாக்காரர் தலையைத் தூக்கினார். "என்னய்யா, ஊர் உலகத்துக்கெல்லாம் பூட்டுப் போடறவன் உன் கடைக்கே பூட்டுப் போட்டுட்டுக் கிளம்பிட்டியா?"

பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. விசாக்காரர் கையிலிருந்த தேநீரை மெதுவாகக் கீழே வைத்தார்.

விஷயம் இதுதான். அவருடைய அண்ணன் இருபத்தாறு வருடமாக வெளிநாட்டில். அப்பா போனபின் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். வருகிற வியாழக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அவருக்கு இதயத்தில் அறுவைச் சிகிச்சை. பிழைப்பதற்குப் பாதி, பிழைக்காமல் போவதற்குப் பாதி என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள்.

"நேத்து போன்ல பேசினாருக்கா. 'உள்ளே போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்துட்டேன்னா போதும்டா'ன்னாரு. போன வருஷமே விசா அனுப்பி வெச்சிருந்தாருக்கா. நான்தான் இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டேன்."

"புதன்கிழமை காலைல ஏறினா வியாழக்கிழமை அங்க இருக்கலாம் தம்பி. உக்காருங்க."

அன்றைக்குப் பார்த்துத் தெருவைத் தோண்டுகிறவர்கள் இணைய இணைப்பை அறுத்துவிட்டிருந்தார்கள். கணினித் திரையில் ஒன்றும் வரவில்லை. நூலக்கா தொலைபேசியை எடுத்தாள். வழக்கமாக அந்த ஊருக்குப் போகிற கம்பெனியிடம் ஓர் இடம் இருந்தது. நடுவே ஓரிடத்தில் விமானம் மாற வேண்டும். டிக்கெட் ஒன்றுதான். வியாழன் பன்னிரண்டரைக்குப் போய் இறங்கும்.

"பன்னண்டரைக்கு இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகவே ஒன்னே கால் ஆயிடும். முக்கால் மணி நேரம்தான் அண்ணன்கூட இருக்க முடியும்" என்றாள்.

"அது போதும்க்கா."

போதும் என்று அவரே சொன்னார். விட்டிருக்கலாம். ஆனால் அவள் கை அதற்குள் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது. பூட்டு துருப்பிடித்த இழுப்பறை அது. இரண்டு இழுப்புக்கு அசையாமல் மூன்றாவதுக்குத் தடாலென்று வந்தது.

"வந்ததும் முதல் வேலையா இந்தப் பூட்டை மாத்தித் தர்றேன்க்கா" என்றார் அவர், அந்தக் கவலைக்கு நடுவிலும்.

நூலை எடுத்து உருண்டைமேல் இழுத்துப் பிடித்தாள். கடையில் இருந்த நாலைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள். இங்கிருந்து நடுவிலிருக்கும் விமான நிலையம்வரை எட்டரை முடிச்சு. எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். ஒன்பதரை மணி, ஏறி இறங்க அரை மணி. சுளையாகப் பத்து மணி நேரம்.

இன்னொரு கம்பெனிக்குத் தொலைபேசி செய்தாள். புதன் காலை ஒன்பதரைக்குக் கிளம்பும் விமானத்தில் இடம் இருந்தது. மறுமுனையில் பேசிய பெண், "இறங்கற நேரம் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, அது எனக்கே தெரியும்" என்றாள் நூலக்கா. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மூன்றாவதாக ஒரு கம்பெனி. நடு விமான நிலையத்திலிருந்து அண்ணனின் ஊருக்கு. முதல் விமானம் இங்கே கிளம்பிப் பன்னிரண்டு மணி இருபது நிமிடம் கழித்து அது அங்கே கிளம்பும். அவள் கணக்குப்படி இடையில் இரண்டு மணி இருபது நிமிடம் கிடைக்கிறது. இரண்டு டிக்கெட்டையும் இப்படிக் கோத்துவிட்டால் வியாழன் காலை எட்டு மணிக்கு ஆள் ஆஸ்பத்திரியில்.

"ஆறு மணி நேரம் தம்பி! முக்கால் மணியா, ஆறு மணியா?"

விசாக்காரர் மட்டும் இழுத்தார். "தனித்தனி டிக்கெட்டுக்கா. முதல் விமானம் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்காரன் பொறுப்பெடுக்க மாட்டான். வெளிய வந்து மறுபடி கவுண்டர்ல பதியணும். விமானம் கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவான். ஒரே டிக்கெட்டாப் போட்டுடுங்களேன்."

"நீங்க விசாவப் பாருங்க. பெட்டி இல்ல, கைப்பை மட்டும்தான். கவுண்டர் மூடறதுக்கு ஒன்னே கால் மணிக்கு மேல நேரம் இருக்கு. நடந்தே போயிடுவாரு."

பூட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் கட்டியது. "ஆறு மணி நேரம்க்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சாயங்காலம் இணைப்பு வந்தது. டிக்கெட்டுகளை அச்சடித்தாள். முதல் டிக்கெட்டில் பயண நேரம் பதினொரு மணி இருபத்தைந்து நிமிடம் என்று போட்டிருந்தது.

அவள் அதைப் பார்த்தாள். பார்க்கவில்லை என்று பின்னாளில் மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். ஆனால் பார்த்தாள். பார்த்து, காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள். பச்சை நோட்டைப் புரட்டினாள். அந்தத் தடத்தில் போய்வந்தவர்கள் பதினாலு பேர். பத்து மணி, ஒன்பது ஐம்பது, பத்து ஐந்து. ஒருவர்கூடப் பதினொன்று என்று சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் எப்போதும் கூட்டித்தான் போடுவார்கள், தாமதமானால் பேச்சு வாங்காமல் இருக்க. அது அவளுக்குத் தெரியாததா? மறுநாள் நண்பகல்வரை டிக்கெட்டை மாற்றிக்கொள்ளலாம். மாற்றுவதென்றால் தெருவைக் கடந்து போய், "தம்பி, நான் போட்ட கணக்கில் ஒரு சந்தேகம்" என்று சொல்ல வேண்டும். விசாக்காரர் காதிலும் அது விழும். டிக்கெட்டை உறையில் போட்டு ஒட்டினாள்.

மறுநாள் காலை பூட்டுக்காரர் வந்து வாங்கிக்கொண்டார்.

"இதுல போட்டிருக்கிற நேரத்தைப் பாத்துப் பயந்துடாதீங்க தம்பி. அவங்க எப்பவும் கூட்டித்தான் போடுவாங்க. பத்து மணி நேரம்தான்."

"நீங்க சொன்னா சரிதான்க்கா."

புதன்கிழமை முழுவதும் மனசுக்குள்ளேயே அவரோடு பறந்தாள். இப்போது இரண்டாவது முடிச்சு, இப்போது ஐந்தாவது. ஏழரை மணிக்கு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "இறங்கிட்டாரு" என்றாள். புருஷன், "யாரு?" என்றார். "பூட்டுக்காரத் தம்பி." சொல்லும்போதே முகத்தில் ஒரு சிரிப்பு. பின்னால் அவளை நிற்க விடாமல் குடைந்தது அந்தச் சிரிப்புத்தான்.

அந்த நேரத்தில் விமானம் இன்னும் எட்டாவது முடிச்சைக்கூடத் தொடவில்லை. குளிர்காலத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஆற்று வெள்ளம்போல் காற்று ஓடும். மேற்கே போகிற விமானம் அதை எதிர்த்து மூச்சு வாங்கிக்கொண்டு போக வேண்டும். திரும்பி வருகிற விமானத்தை அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விடும். பச்சை நோட்டில் இருந்த பதினாலு பேரும் வந்த நேரத்தைத்தான் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து இறங்கியதுதான் அவர்களுக்கு ஞாபகம். போன நேரம் என்னவென்று அவள் ஒருவரைக்கூடக் கேட்டதில்லை. போவதும் வருவதும் ஒரே தூரம்தானே என்று இருந்துவிட்டாள்.

விமானம் டிக்கெட்டில் அச்சடித்த நிமிடத்தில், பிசகில்லாமல் இறங்கியது. அப்போது இரண்டாவது கம்பெனியின் கவுண்டர் மூடி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் பூட்டுக்காரரின் மனைவி கடை வாசலில் வந்து நின்றாள். அடுத்த விமானத்தில்தான் இடம் கிடைத்ததாம். மாலை ஐந்து மணிக்குத்தான் போய்ச் சேருவாராம். "அதுக்குள்ள அவங்க அண்ணன உள்ள கொண்டு போயிடுவாங்களேக்கா" என்று விம்மினாள்.

விசாக்காரர், "விமானம் லேட்டாயிடுச்சா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் நூலக்காவைப் பார்த்தாள். விசாக்காரரும் பார்த்தார்.

"ஆமா, லேட்டாயிடுச்சு போல" என்றாள் நூலக்கா.

அண்ணனுக்கு மயக்கம் தெளியவே இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டார். செய்தி வந்த அன்று தெருவில் எல்லோரும் அந்த விமானக் கம்பெனியைத்தான் திட்டினார்கள். நூலக்காவுக்கு ஆறுதல் வேறு சொன்னார்கள். "பாவம், நீங்க அவ்வளவு பாடுபட்டுக் கோத்துக் கொடுத்தீங்க." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நூலைச் சுருட்டி இழுப்பறையின் கோடிக்குத் தள்ளினாள். யாராவது, "எவ்வளவு நேரம்க்கா?" என்று கேட்டால், உருண்டையின் பக்கமே திரும்பாமல் திரையைப் பார்த்து வாசித்தாள். வீட்டில் புருஷன், "உடம்புக்கு என்ன?" என்றார். ஒன்றுமில்லை என்றாள். சாலையில் பூட்டுக்கடைப் பக்கமாகப் போவதை விட்டு, சுற்றிக்கொண்டு பின்தெரு வழியாக வந்தாள். மூடிய கடைதான். ஆனாலும் அதன் கதவு தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் பூட்டுக்காரர் திரும்பி வந்தார். வந்த மறுநாளே கடைக்குள் நுழைந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"வர்றப்ப கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே வந்தேன்க்கா. சரியாப் பத்து மணி நேரம். நீங்க சொன்னதுல ஒரு நிமிஷம் பிசகலைக்கா."

அந்தப் பாராட்டு அவளைக் கன்னத்தில் அறைந்தது.

"அப்படின்னா போறப்ப ஒன்றரை மணி நேரம் லேட்டாத்தானே கொண்டு போயிருக்கான்? பக்கத்து சீட்டுக்காரர் 'சரியான நேரத்துக்கு இறங்கிட்டோம்'னு சொன்னாரு. நான் விடலையே. 'நீங்க காகிதத்தை நம்பறீங்க, எங்க அக்கா கணக்குப்படி பத்து மணி நேரம்தான்'னு சண்டையே போட்டேன்." அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த டிக்கெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "அந்தக் கம்பெனிக்கு ஒரு கடுதாசி எழுதணும்க்கா. எனக்கு வேற ஒன்னும் வேணாம். தப்பு எங்களோடதுதான், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வரி எழுதி அனுப்பட்டும். அதை அண்ணன் படத்துக்கிட்ட வெச்சுடறேன். நீங்கதான்க்கா நேரமெல்லாம் கணக்குப் போட்டு எழுதணும்."

அவள் காகிதத்தை எடுத்தாள். தேதி எழுதினாள். 'ஐயா' என்று எழுதினாள். விசாக்காரர் தட்டச்சை நிறுத்தியிருந்தார். கடையில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். பேனா 'ஐயா'வுக்கு அடுத்து நகர மறுத்தது.

எழுதிவிடலாம். கம்பெனியிலிருந்து, விமானம் தாமதமாகவில்லை என்று பதில் வரும். அவர் அதையும் பொய் என்பார். சாகிறவரை இவளை நம்புவார். அதை நினைத்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"தம்பி, விமானம் லேட்டாகலை."

"என்னக்கா?"

"அவங்க போட்டிருந்த நேரத்துக்குத்தான் இறங்கியிருக்கு. போற பக்கம் எதிர்க்காத்து. பதினொன்னே காலுக்கு மேல ஆகும். எனக்கு அது தெரியலை. திரும்பி வந்தவங்களை மட்டுமே கேட்டுக் கேட்டு, வர்ற நேரத்தையே போற நேரம்னு நினைச்சுட்டேன்." பாதியில் நிறுத்தினால் அப்புறம் சொல்லவே மாட்டோம் என்று அவளுக்குத் தெரிந்தது. "டிக்கெட்டு அச்சடிச்சப்பவே பாத்தேன். மாத்தறதுக்கு நேரம் இருந்துச்சு. எல்லார் முன்னாடியும் பத்துன்னு சொல்லிட்டேனேன்னு விட்டுட்டேன். அந்த ஒரே டிக்கெட்டுல போயிருந்தா பன்னண்டரைக்கு இறங்கியிருப்பீங்க. மன்னிப்புக் கேக்க வேண்டியது அவங்க இல்ல தம்பி. நான்."

பூட்டுக்காரர் டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்தார். அச்சடித்த நேரத்தின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"பயந்துடாதீங்கன்னு சொன்னீங்களே" என்றார்.

"சொன்னேன்."

"நர்ஸம்மா சொன்னாங்க. ரெண்டு மணி ஆகற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாராம். தம்பி ப்ளேன் இறங்கிடுச்சா, தம்பி ப்ளேன் இறங்கிடுச்சான்னு." அவர் உருண்டையைப் பார்த்தார். விரலால் ஒரு தள்ளு தள்ளினார். அது சுற்றி நிற்கும்வரை நின்றார். பிறகு டிக்கெட்டைப் பழையபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். 'ஐயா' என்று எழுதிய காகிதம் அப்படியே கிடந்தது. விசாக்காரர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று வாரமாக யாரும் அறியாமல் சுமந்த வெட்கம் இப்போது தெருவுக்கே தெரிந்த வெட்கம் ஆனது. சிலர் வேறு கடைக்குப் போனார்கள். சிலர் வந்து, டிக்கெட்டை வாங்கிய கையோடு விசாக்காரரிடம் நீட்டி, "ஒரு தடவை பாத்துடுங்க" என்றார்கள். அவளுக்கு அது வலித்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்ல வாயில்லை. பச்சை நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்தின் மேலும் 'வந்த நேரம்' என்று எழுதினாள். பக்கத்தில் 'போன நேரம்' என்று கோடு போட்டாள். அந்தப் பத்தி முழுக்க வெறுமையாக இருந்தது.

பத்து நாள் கழித்து, காலைக் கூட்டத்துக்கு நடுவில் பூட்டுக்காரர் கருவிப் பையோடு உள்ளே வந்தார். அவள் மேசைக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து இழுப்பறையின் பழைய பூட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"தம்பி, இதெல்லாம் இப்ப..."

"வந்ததும் மாத்தித் தர்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல்.

அவள் கால்களை இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் அரத்தால் தேய்க்கிற சத்தம் முழங்காலுக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தது. அப்போது பார்த்து ஓர் இளம்பெண் வந்து எதிரில் உட்கார்ந்தாள். புதியவள். யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நூலக்கா நீங்கதானே? நூலை வெச்சே எத்தனை மணி நேரம்னு சொல்லிடுவீங்களாமே?" என்று சொல்லி, ஊர்ப் பெயரையும் சொன்னாள். அதே தடம்தான்.

அரத்தின் சத்தம் நின்றது.

நூலக்கா திரையின் பக்கம் திரும்பினாள். கண் மங்கியிருந்ததால் எழுத்துகள் தெளிய ஒரு கணம் ஆனது. "போறதுக்குப் பதினொரு மணி இருபத்தஞ்சு நிமிஷம். வர்றதுக்குப் பத்து மணி."

"ஒரே தூரம்தானே, ஏன் அப்படி?"

"போறப்ப எதிர்க்காத்தும்மா. எனக்கு அது ரொம்பப் பிந்தித்தான் தெரிஞ்சுது. நடுவுல இறங்கி மாறறதா இருந்தா ஒரே டிக்கெட்டாப் போட்டுக்கோ. டிக்கெட்டுல என்ன போட்டிருக்கோ அதை நம்பு. என்னைக் கேக்காதே."

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் சிரித்தாள். கீழே அரம் மறுபடியும் தேய்க்கத் தொடங்கியது.

புதுப் பூட்டைப் பொருத்திவிட்டு அவர் எழுந்தார். இரண்டு சாவிகளை மேசைமேல் வைத்தார். "பூட்டித் திறந்து பாருங்க."

அவள் பூட்டினாள். திறந்தாள். இழுப்பறை ஒரே இழுப்பில், சத்தமில்லாமல் வந்தது. கோடியில் சிவப்பு நூல் சுருண்டு கிடந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்கு தம்பி."

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். அவர் பேச்சின் முடிவில் வழக்கமாக வருகிற 'அக்கா'வுக்காக அவள் சாவியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். அவர் படியிறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, தெருவைக் கடந்து போனார்.